கொல்லிமலையில் சாமை விளைந்த காடுகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சாலை இல்லாத நாளில் மலையாளிப் பழங்குடியினர் தலைச்சுமையோடு நடந்து இறங்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு நடந்தே ஏறினார்கள். சோற்றுக்குக் கீழே போக வேண்டியிருக்கவில்லை. சாமை, கேழ்வரகு, தினை எல்லாம் மேலேயே விளைந்தன.

சாமையில் மட்டும் கட்டவெட்டி, மல்லியச்சாமை, திரிகுலா, வெள்ளைப்பெருஞ்சாமை என்று பல வகை வைத்திருந்தார்கள். ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தி. மழை ஒன்றை ஏமாற்றினாலும் மற்றொன்று கஞ்சிக்கு ஆகும். விதை வீட்டிலேயே இருந்தது.

இன்று அதே சரிவுகளில் மரவள்ளி. நட்ட பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கிழங்கு லாரியேறி, சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மாவுச்சத்தைப் ‘பாயின்ட்’ கணக்கில் பார்த்து விலை போடுகிறார்கள். காசு மொத்தமாகக் கைக்கு வருகிறது. பிள்ளைகள் படிப்புக்கு அது உதவுகிறது. ஆனால் விலை விழுந்தால் சாமையைச் சேர்த்துவைத்துச் சாப்பிடலாம். பிடுங்கிய கிழங்கு சில நாளில் கெட்டுவிடும்.

சாமை குறைந்த பழியை மரவள்ளிமேல் மட்டும் போடுவது சரியல்ல. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூனிலிருந்து இலவசம். சாமையோ உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தினால்தான் அரிசியாகும். குத்தியவர்கள் பெண்கள். தோள் நொந்த அந்த வேலையைப் பாரம்பரியம் என்று இன்று புகழ்கிறவர்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்திருப்பார்கள்?

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலையைத் தொடங்கியது. ஊர்களில் விதை வங்கி வந்தது, உமி நீக்கும் இயந்திரம் வந்தது, மகளிர் குழுக்கள் சாமையரிசியைப் பொட்டலமிட்டு விற்றன. உலக்கை ஓய்ந்தது; ஆனால் அதற்குள் பல காடுகள் கிழங்குக்கு மாறிவிட்டிருந்தன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நெல்லுச்சோறு பெருமையாக இருந்த காலம் போய், நகரத்துக் கடைகளில் சாமையரிசி கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. அந்த விலையில் விதைத்தவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது வேறு கணக்கு.

ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரரையும் பார்க்கப் போகிறவர்கள், மிளகும் வாழைப்பழமும் வாங்குவதோடு நிற்காமல், மலைக்காரர்களிடமே சாமையரிசியும் கேட்டு வாங்குங்கள்.