பார் பார், பிஹோல்ட் பார்!

இங்கிலீஷில் பார்ப்பதற்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. ஸீ, லுக், வாட்ச், ஸ்டேர்... 'ஸீ' பண்ணினால் தப்பில்லை, 'ஸ்டேர்' பண்ணினால் சண்டைக்கு வருவார்கள். இந்தக் குடும்பத்தில் ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. பெயர், 'பிஹோல்ட்'.

எங்கள் ஆபீஸில் ஒருத்தர் 'தங்கள் கடிதம் கண்டேன்' என்பதை இங்கிலீஷாக்கி, 'ஐ பிஹெல்ட் யுவர் லெட்டர்' என்று எழுதிவிட்டார். ஹெட் கிளார்க் நிதானமாகக் கேட்டார்: ''ஏன் சார், லெட்டர் வானத்துலேர்ந்து இறங்கி வந்துதா?''

நியாயமான கேள்வி. பிஹோல்டில் கொஞ்சம் பிரமிப்பு இருக்கவேண்டும். தாஜ்மகாலை பிஹோல்ட் பண்ணலாம். கேஷ் வவுச்சரை முடியாது! 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்த வார்த்தை ஏகப்பட்ட தடவை வருகிறது. தமிழ் பைபிளில் அதற்கு நேராக 'இதோ' என்று போட்டிருப்பார்கள். கச்சிதம்! இன்றைக்குப் பேச்சில் 'லோ அண்ட் பிஹோல்ட்' என்று வருவது பெரும்பாலும் கிண்டலுக்குத்தான். மூணு மணி நேரமாக எல்லோரும் தேடிய ஃபைல், லோ அண்ட் பிஹோல்ட், மேனேஜர் மேஜையிலேயே இருக்கும்!

பிரித்துப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். உள்ளே இருப்பது 'ஹோல்ட்', அதாவது பிடி. பழைய இங்கிலீஷில் இதற்குப் பார் என்பதோடு, பிடித்துவைத்துக்கொள், காப்பாற்று என்றும் அர்த்தம். ஜெர்மன் பங்காளி 'பெஹால்ட்டன்' இன்னமும் 'வைத்துக்கொள்' என்றுதான் சொல்கிறார். இங்கிலீஷில் மட்டும் கைப்பிடி போய்க் கண் நின்றுவிட்டது. பழைய பிடி 'பிஹோல்டன்' என்ற வார்த்தையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நன்றிக்கடன் பட்டவன் என்று அர்த்தம். மாசக் கடைசியில் கைமாத்து வாங்கியிருந்தால் நீங்கள் பிஹோல்டன். சம்பள நாள் வரை அவர் பிடியில்தான் இருப்பீர்கள்!

தமிழில் நாம் எதிர்த்திசையில் கிளம்பி அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறோம். 'பார்'என்பதோடு 'கொள்' சேர்த்தால் 'பார்த்துக்கொள்'. பார்வை, பாதுகாப்பாகிவிடுகிறது. பஸ் ஏற்றிவிடும்போது அப்பா, ''உடம்பைப் பார்த்துக்கோப்பா'' என்றால், கண்ணாடி முன்னால் போய் நிற்கச் சொல்லவில்லை.

ஆகவே, ஆபீஸ் கடிதத்தில் பிஹோல்ட் வேண்டாம், 'ரிசீவ்ட்' போதும். ஆனால் வார்த்தையை மறந்துவிடவும் வேண்டாம். ''ஊருக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துட்டு வந்தேன்'' என்கிறோமே, அது வெறும் ஸீ. ''நான் பார்த்துக்கறேன்'' என்றால்தான் அசல் பழைய பிஹோல்ட்.

முதலாவதற்கு ரெண்டு நாள் கேஷுவல் லீவு போதும்.