குரலைக் காக்கும் முறை



எழுத்தறியாத தாய்க்கு, கடல்கடந்து சென்ற மகன் எழுதும் கடிதத்தைப் பிறர்தாம் படித்துக் காட்டவேண்டும். மகனுடைய குரலே வந்து சேருமாயின் இடையில் எவரும் வேண்டுவதில்லை. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை முதலிய காவிரிநாட்டு ஊர்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றபொழுது, 1970களிலும் 1980களிலும் ஒலிநாடாவே கடிதமாயிற்று. தொலைபேசி அரிதாயிருந்த காலம் அது. ஊர் திரும்புவோரிடம் நாடாவைக் கொடுத்தனுப்புவர். வீட்டார் கூடியிருந்து கேட்பர்.

எங்கள் வீட்டிற்கும் 1984-ஆம் ஆண்டில் என் தமையனாரிடமிருந்து அத்தகைய நாடா ஒன்று வந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, குறுவைக்கு நாற்று விட்டாயிற்றா என்றெல்லாம் கேட்டிருந்தார். புது நாடா வாங்கும் செலவை எண்ணி, அதன்மேலேயே அன்னையின் மறுமொழியைப் பதிந்து அனுப்பினோம். சில மாதங்கள் சென்றபின், “பெரியவன் முதல்லே பேசினதைப் போடேன்” என்று அன்னை கேட்டார். போடுவதற்கு அது எங்கும் இல்லை.

அஃது அழிந்தது எவ்வாறு? ஒலிநாடா என்பது இரும்பு ஆக்சைடுத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் நாடா. ஒலிவாங்கி குரலை மின்னலையாக மாற்றுகிறது; பதிவுமுனை அவ்வலைக்கேற்பத் துகள்களைக் காந்தமாக்குகிறது. ஆனால் நாடா அம்முனையை அடையுமுன் அழிப்புமுனையைக் கடக்கிறது. அங்கே பழைய பதிவு கலைந்துவிடுகிறது. நாடாப் பெட்டியின் பின்விளிம்பிலுள்ள சிறு தடுப்புகளை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது. இதனை நாங்கள் அன்று அறியோம்.

இன்று குரற்செய்தி நொடியில் கைப்பேசிக்கு வருகிறது. அழிவதும் அத்துணை எளிதே. கருவி நீரில் விழுந்தாலும், இடம் போதவில்லையென்று பழையவற்றை நீக்கினாலும் போயிற்று.

ஆதலின் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, காக்கவேண்டிய செய்தியைத் தனிக் கோப்பாக எடுத்துக் கணிப்பொறியில் சேருங்கள். இரண்டாவது, பேசியவர், நாள், ஊர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரில் குறியுங்கள். இன்றேல் பேரன் காலத்தில் அக்குரல் யாருடையதென்று எவருக்கும் தெரியாது. மூன்றாவது, மூலத்தை வெட்டாதீர்கள். பின்னே கேட்கும் மாட்டின் குரலும் அவ்வீட்டின் நினைவேயாகும். நான்காவது, மூன்று படிகள் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பழைய நாடா இருப்பின் ஐப்பசி மழையின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமுன் அதனையும் படியெடுங்கள்.

ஒருமுறை செய்வதோடு முடிந்துவிடாது. விதைநெல்லை உழவர் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பதில்லை. முளைப்புத்திறன் குன்றுமுன் விதைத்துப் புது விதை எடுக்கின்றனர். அவ்வாறே, சில ஆண்டுகளுக்கொருமுறை குரலையும் புதிய கருவிக்கு மாற்றவேண்டும்.

என் அன்னை 1987-இல் காலமானார். அவர் இறுதியாகப் பேசியனுப்பிய நாடாவின்மேல் தமையனார் எதுவும் பதியவில்லை. ஆதலால் அன்னையின் குரல் எங்களிடம் இருக்கிறது. அன்னைக்கென்று தமையனார் பேசியவற்றில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. தந்தையோ தமையனோ வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள், அவர்கள் அனுப்பிய குரற்செய்திகளை இன்று மாலையே ஒன்றுசேர்த்து, வீட்டிலுள்ள அன்னையும் பாட்டியும் ஒரு பொத்தானை அழுத்திக் கேட்கும்படி அமைத்துக் கொடுங்கள்.