குற்றாலச் சீசனும் விடுதிகளின் இணையதளங்களும்

தங்கும் விடுதியின் இணையதளத்துக்கு முதல் வேலை, காலியாகக் கிடக்கப்போகும் அறையை அந்த இரவு வருவதற்குள் விற்றுவிடுவது. இன்று விற்காத அறையை நாளைக்கென்று சேர்த்து வைக்க முடியாது. குற்றாலத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அங்குள்ள லாட்ஜுகளுக்கு அறுவடைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் ஐயப்ப பக்தர்களும் சேர்ந்து இன்னொரு சிறிய சீசனைத் தருகிறார்கள். மற்ற மாதங்களில் வார நாட்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

குற்றாலத்தில் ரூம் தேடுகிறவர் பெரும்பாலும் ஊர்ப் பெயரைத்தான் கூகுளில் தட்டுகிறார், விடுதியின் பெயரை அல்ல. இப்படித் தேடும்போது கூகுள் மூன்றைப் பார்க்கிறது: கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தொலைவு, எந்த அளவுக்கு அறியப்பட்ட இடம். தொலைவை மாற்ற முடியாது. மற்ற இரண்டும் விடுதியின் கையில் இருக்கின்றன. வரைபடத்தில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் இணையதளத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் குற்றாலத்தைத் திருநெல்வேலியோடு சேர்த்துத் தேடுகிறவர்கள் உண்டு. ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒன்றல்ல. இந்த மாவட்டப் பெயர்கள், ஆங்கில எழுத்துக்கூட்டல்கள், தமிழ்ப் பெயர் எல்லாவற்றையும் பக்கத்தில் இயல்பாகக் கொண்டிருக்கும் தளம் அதிகம் பேர் கண்ணில் படும்.

கண்ணில் பட்டால் மட்டும் போதாது. பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் செல்போனில் வருகிறவர்களில் 53 சதவீதம் பேர் விலகிவிடுகிறார்கள் என்று கூகுள் 2016-இல் சொன்னது. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் படங்கள்தான். கேமராவிலிருந்து எடுத்த 6 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றாமல் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினாலும் செல்போன் திரையில் வித்தியாசம் தெரியாது. எந்தப் படம் என்பது அதைவிட முக்கியம். முகப்பில் பேரருவியின் படத்தைப் பெரிதாகப் போடுவது வழக்கம். ஆனால் அருவியைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அது யாருக்கும் புதிதல்ல. குடும்பத்தோடு வேனில் வருகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. குளியலறை எப்படி இருக்கிறது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், வேன் நிறுத்த இடம் உண்டா, கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு, ஈரத்துணி காயப்போட மாடி உண்டா, அருவிக்கு நடந்து போக எத்தனை நிமிடம்? இவற்றுக்குப் பதில் சொல்லும் பக்கம்தான் அறையை விற்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி ஒன்று உண்டு: “தண்ணி விழுதா? குளிக்க விடுறாங்களா?” மலையில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் பேரருவி பெருக்கெடுக்கும்; குளிக்கத் தடை வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. பல மாநிலங்களின் விடுதிகளை ஒரே அச்சில் வார்த்து விற்கும் பெரிய முன்பதிவுத் தளங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அங்கேயே இருக்கும் விடுதியால் சொல்ல முடியும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றின் நிலையைக் காலை 7 மணிக்கு, நேரத்தையும் குறித்து இரண்டு வரியில் எழுதினால் போதும். “இன்று தண்ணீர் இல்லை” என்று எழுதுகிற தளம் அன்றைக்கு ஓர் அறையை இழக்கலாம். அடுத்த வாரம் “நன்றாக விழுகிறது” என்று எழுதும்போது அதை நம்பி ஆள் வரும். தடை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் பாபநாசம் அகத்தியர் அருவியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழுவதால், அப்பகுதி விடுதிகளுக்குச் சீசன் முடிந்த மாதங்களிலும் சொல்லச் செய்தி உண்டு.

அறையைத் தேர்ந்ததும் முன்பதிவு மென்பொருள் வேலையைத் தொடங்குகிறது. ஒரே அறை விடுதியின் தளத்திலும் இரண்டு மூன்று முன்பதிவு நிறுவனங்களிடமும் வரவேற்பு மேசைத் தொலைபேசியிலும் விற்பனைக்கு இருக்கும். ஆடி மாதச் சனிக்கிழமை கடைசி அறையை இருவர் இரண்டு வழியில் பிடித்துவிட்டால், இரவு 10 மணிக்குக் குழந்தைகளோடு வாசலில் நிற்கும் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இதைத் தவிர்ப்பது சேனல் மேனேஜர் என்ற இணைப்பு மென்பொருள். ஓரிடத்தில் அறை விற்றவுடன் மற்ற இடங்களில் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் போனில் சொன்ன பதிவை நோட்டில் எழுதிவிட்டுக் கணினியில் ஏற்ற மறந்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. கணினி வழி அறைப்பதிவு புதிதல்ல; அமெரிக்காவின் ஹாலிடே இன் விடுதித் தொடர் 1965-லேயே ஹோலிடெக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று குற்றாலத்தில் உள்ள தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியிலும் இணையத்திலேயே அறை பிடிக்கலாம்.

சொந்தத் தளத்தில் விற்பதன் பலன் கமிஷனில் தெரியும். முன்பதிவு நிறுவனம் 20 சதவீதம் எடுத்தால் ரூ.2,000 அறையில் ரூ.400 போய்விடும். அதற்காக அந்த நிறுவனங்களை அடியோடு விட்டுவிடுவதும் சரியல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆண்டர்சன் 2009-இல் நான்கு விடுதிகளை எக்ஸ்பீடியா முன்பதிவுத் தளத்தில் மாறி மாறி இடம்பெறச் செய்தும் நீக்கியும் பார்த்தார். இடம்பெற்ற காலத்தில் மற்ற வழிகளில் வந்த பதிவுகளே 7.5 முதல் 26 சதவீதம் வரை கூடின. அங்கே பார்த்துவிட்டு விடுதியிடமே நேரடியாகப் பதிவு செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் சொந்தத் தளத்தில் விலையைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் கட்டிப்போட்டால் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். இத்தகைய நிபந்தனைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ முன்பதிவு நிறுவனத்துக்கு ரூ.223.48 கோடி அபராதம் விதித்தது.

பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமல் போனவரையும் தளம் நினைவில் வைத்திருக்கும். நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தின் லூ மொன்டுலி 1994-இல் உருவாக்கிய குக்கி என்ற சிறு குறிப்பு, தேடியவரின் உலாவியிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த முறை வரும்போது தேதியும் அறையும் அப்படியே நிற்பது அதனால்தான்; வேறு தளங்களில் அதே விடுதியின் விளம்பரம் பின்தொடர்வதும் இதே வகை உத்தியால்தான். இதில் பயனும் உண்டு, தொந்தரவும் உண்டு. “இன்னும் ஒரே அறைதான்” என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கடைசிப் பக்கத்தில் மட்டும் கூடுதல் கட்டணத்தைக் காட்டுவதும் வேறு வகை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றைத் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் வைத்துள்ளன.

வந்தவரை மேலும் ஒரு நாள் தங்கவைப்பதற்கும் தளம் உதவும். பாபநாசத்தில் தொடங்கும் நவகைலாயத் தலங்களையும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி அடங்கிய நவதிருப்பதியையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முடியாது. எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், எதிலிருந்து எதற்குப் போவது எளிது என்று தெளிவாக எழுதிய பக்கம், திருநெல்வேலி ஜங்ஷன் விடுதியில் இரண்டாவது இரவையும் விற்றுத் தரும். விருந்தினர் கிளம்பிய பிறகு அவர் எழுதும் விமர்சனத்துக்கு, குறிப்பாகக் குறை சொன்னால், என்ன சரிசெய்யப்பட்டது என்று பெயரோடு பதில் எழுதும் விடுதியை அடுத்து வருகிறவர் கவனிப்பார். அடுத்த ஆனியில் “சாரல் தொடங்கிவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் பழைய விருந்தினர் கமிஷன் இல்லாமல் திரும்பி வருவார். அறை கொடுக்கும்போது அடையாளச் சான்றோடு வாங்கிய தொலைபேசி எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். 2023-இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே அந்தச் சம்மதம்தான்.