நாற்றங்காலில் ஒரு மென்பொருள்!
(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை)



நம்ம குத்தாலத்துக்கு மேற்கே, ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தை அறியாதவர் இல்லை. அங்கே உருவாகும் புது ரகம் நேரே விதைக்கடைக்கு வந்துவிடுமா? வராது. முதலில் நிலையத்து வயல், பிறகு பல ஊர்கள், கடைசியில் விவசாயிகளின் சொந்த வயல் என்று போட்டுப் பார்த்த பிறகே வெளியிடுவார்கள். நாம் படிக்கும் மென்பொருளிலும் இதே கதைதான்.

குபெர்னெட்டிஸ் என்றால் என்ன?

ஒரு புரோகிராமையும், அது ஓடத் தேவையான லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலமே கன்டெய்னர். நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களைப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து ஓட்ட ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். கல்யாணப் பந்தியில் ஒருத்தர் நின்றுகொண்டு, "அந்த வரிசைக்கு சாம்பார் போகல, நீ போப்பா" என்று ஆள் அனுப்புவாரே, அந்த வேலை! 2014-ல் கூகுள் அறிவித்த குபெர்னெட்டிஸ் இதைத்தான் செய்கிறது. ஒரு கன்டெய்னர் நின்றுபோனால் உடனே இன்னொன்றைக் கிளப்பிவிடும்.

ஆல்பா, பீட்டா, ஆர்.சி.

இதன் புதுப் பதிப்பு ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. அதற்கு முன்னால் முன்னோட்டப் பதிப்புகள் வரும். ஆல்பா என்பது நாற்று. இன்னும் எவ்வளவோ மாறும். பீட்டா, நட்டு வேர் பிடித்த பயிர். ஆர்.சி. முற்றிய கதிர், பெரிய பிழை எதுவும் தென்படாவிட்டால் அதுவே இறுதிப் பதிப்பு.

ஒரு சொல் செய்த வேலை

14-3-2023 அன்று உலகப் புகழ்பெற்ற ரெடிட் தளம் 314 நிமிடம் முடங்கியது. காரணம் என்ன தெரியுமா? குபெர்னெட்டிஸ் 1.23-லிருந்து 1.24-க்கு மாறினார்கள். தலைமைக் கம்ப்யூட்டர்களுக்கு இருந்த 'மாஸ்டர்' என்ற அடையாளச் சீட்டு 1.24-ல் நீக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய பழைய நெட்வொர்க் அமைப்போ அந்தச் சீட்டைத்தான் தேடியது. கிடைக்கவில்லை, எல்லாம் நின்றது! இத்தனைக்கும் அது போகப்போகிறது என்று 2020-லேயே அறிவித்திருந்தார்கள்.

என் அனுபவம்

சீனியர் ஒருவர் கொடுத்த பழைய புராஜெக்டை ஒரு ஆர்.சி. பதிப்பில் ஓட்டிப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் 'இன்கிரஸ்' பகுதியை அது ஏற்கவே இல்லை. புதுப் பதிப்பில்தான் பிழை என்று குதித்தேன். தேடிப் பார்த்தால், அந்தப் பழைய பீட்டா எழுத்துமுறையை 2021-ல் வந்த 1.22-லேயே எடுத்துவிட்டார்கள். தப்பு என் ஃபைலில்! அப்போதுதான் புரிந்தது: விதை நல்லதாகவே இருக்கலாம், என் மண்ணுக்கு ஒத்து வருமா என்பதை நான்தான் பார்க்கணும்.

நாமும் செய்யலாம்

இதற்குப் பெரிய சர்வர் தேவையில்லை. மினிகியூப் என்ற இலவச மென்பொருள் போதும். 2 பிராசஸர் கோர், 2 ஜி.பி. காலி மெமரி, 20 ஜி.பி. காலி டிஸ்க் இருந்தால் ஓடும். வேண்டிய பதிப்பு எண்ணைச் சொல்லிக் கிளப்பலாம். பிழை கண்டால் எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். ஆனால் ஒன்று: பிறர் நம்பிப் பயன்படுத்தும் சர்வரில் முன்னோட்டப் பதிப்பைப் போடவே கூடாது.

நாற்றங்காலில் பூச்சியைக் கண்டால் ஒரு பிடி நாற்றோடு போகும். கதிரில் கண்டால் போகம் முழுக்கப் போகும். சோதித்துப் பழகுவோம், தோழர்களே!