திராட்சைச் சத்து மாத்திரை தின்ற தாத்தாக்கள்: உடற்பயிற்சி செய்தும் ரத்த அழுத்தம் குறையவில்லை!

காசு கொடுத்து வாங்கும் சத்து மாத்திரை, கஷ்டப்பட்டுச் செய்த உடற்பயிற்சியின் பலனையே விழுங்கிவிடுமா? "விழுங்கும்" என்று காட்டியது டென்மார்க்கில் நடந்த ஒரு சோதனை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கோபன்ஹேகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 65 வயதை ஒட்டிய 27 ஆண்களைத் தேர்ந்தெடுத்தனர். நோய்நொடி இல்லாதவர்கள். ஆனால் உடற்பயிற்சி பக்கமே போகாதவர்கள்.

8 வாரம் அனைவருக்கும் கடும் பயிற்சி. 14 பேருக்கு தினமும் 250 மில்லிகிராம் "ரெஸ்வெரட்ரால்" கொடுத்தார்கள். இது திராட்சைத் தோலில் உள்ள சத்து. மீதி 13 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

எலிகள் ஓட்டம்

உடம்பு கடுமையாக உழைத்தால் தசைகளில் "ஃபிரீ ராடிக்கல்" என்ற துணுக்குகள் பெருகும். அளவு மீறினால் செல்களை அரிக்கும். 1982-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டு இதைக் கண்டார்கள்.

அந்தத் துணுக்குகளை அடக்குவதுதான் "ஆன்டி ஆக்சிடன்ட்" சத்துகளின் வேலை. ரெஸ்வெரட்ராலும் அந்த ரகம்தான். அப்படியானால் அதைச் சாப்பிட்டவர்கள்தானே ஜெயித்திருக்க வேண்டும்?

நடந்ததோ தலைகீழ்!

பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் இரண்டு கோஷ்டிக்கும் கூடியது. ஆனால் வெறும் மாத்திரை கோஷ்டிக்குக் கூடிய அளவு, மற்றவர்களுக்குக் கூடியதைவிட 45 சதவீதம் அதிகம். ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் குறைந்தது அவர்களுக்கு மட்டுமே. இந்த முடிவு 2013-ல் வெளியானது.

காரணம் என்ன? அந்தத் துணுக்குகள் வில்லன் மட்டும் அல்ல. "தசையே, பலப்படு" என்று உடம்புக்கு மணி அடிப்பதும் அவைதான். மாத்திரை போய் மணியைப் பிடித்துக்கொண்டால் சத்தம் எப்படிக் கேட்கும்? இப்படித்தான் விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

செர்ரி சாறு

அதற்காக பழமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மாரத்தான் ஓடிய 20 பேரை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை நடந்தது. 2010-ல் முடிவு வெளியானது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சில நாள் புளிப்புச் செர்ரி சாறு குடித்தவர்களுக்குத் தசை பலம் சீக்கிரம் திரும்பியது.

ஒரு லிட்டர் சிவப்பு ஒயினிலேயே ரெஸ்வெரட்ரால் சில மில்லிகிராம்தான். 250 மில்லிகிராம் என்பது பழத்தில் கிடைக்கிற அளவே அல்ல. எனவே பழத்தைப் பழமாகத் தின்றால் பயம் இல்லை. "நடக்கிறேன், கூடவே சத்து மாத்திரையும் போடுகிறேன், இரட்டை லாபம்" என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக்கூடாது.