திரையில் கோபிகிருஷ்ணன்: பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பது உறுதியானதும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது சிகிச்சையைப் பற்றியன்று, "இவன் வளர்ந்து என்ன செய்வான்?" என்பதே அவர்களின் வினா. அதற்கு விடையாக ஒரு சித்திரம் அவர்கள் மனத்தில் முன்பே பதிந்திருக்கும். அதை வரைந்ததில் திரைப்படத்துக்கும் பங்குண்டு.

1990இல் வெளிவந்த 'அஞ்சலி'யில் மனவளர்ச்சி குன்றிய சிறுமி இறுதியில் இறந்துவிடுகிறாள். 2011இல் வந்த 'தெய்வத்திருமகள்' படத்தில் அறிவுத்திறன் குறைபாடுடைய தந்தையாக நடித்தவர் விக்ரம். இரண்டும் நம்மை உருக்கிய படங்கள். ஆயினும், அத்தகைய குறைபாடு உடைய ஒருவரே அப்பாத்திரத்தை ஏற்கும் வாய்ப்பு அவற்றில் அமையவில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் அது நிகழ்ந்தது. டவுன் சிண்ட்ரோம் உடைய கோழிக்கோட்டு இளைஞர் கோபிகிருஷ்ணன் வர்மா, 2021இல் 'திரிகே' என்னும் மலையாளப் படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். பின்னர், 'கல்யாண சமையல் சாதம்' தந்த ஆர். எஸ். பிரசன்னா இயக்கி, 2025 ஜூனில் வெளியான 'சிதாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படத்தில் அமீர்கானுடன் நடித்தார். அப்படத்தின் கூடைப்பந்து அணியினராக வரும் பத்துப் பேரும் அறிவுத்திறன் அல்லது நரம்பியல் வளர்ச்சி வேறுபாடு உடையவர்களே.

எல்லாக் குழந்தைகளும் நடிகராவர் என்பதன்று இதன் பொருள். திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் "எதுவும் வராது" என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், வரக்கூடியதும் வராமற்போகும். கல்யாணம், காதுகுத்து, நோம்பி என எதற்கும் அழைத்துச் செல்லாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் குழந்தை, பேச்சுப் பயிற்சியையும் இதயப் பரிசோதனையையும் சேர்த்தே இழக்கிறது.

டவுன் சிண்ட்ரோம், 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததாலோ, எவருடைய பாவத்தாலோ வருவதன்று. அமெரிக்காவில் 1983இல் சுமார் 25 ஆண்டுகளாக இருந்த இவர்களின் ஆயுள், இன்று 60 ஆண்டுகளை எட்டியுள்ளது. இதய அறுவை சிகிச்சையும் முறையான கவனிப்பும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

• ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். வெளிப்படையான அறிகுறி இல்லாவிடினும் பிறந்த முதல் மாதத்திலேயே எக்கோ பரிசோதனை தேவை.

• தைராய்டு அளவைப் பிறந்தவுடனும், 6, 12 மாதங்களிலும், பின்னர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

• செவித்திறன், பார்வைப் பரிசோதனைகளைத் தவறவிடலாகாது. காது சரியாகக் கேளாத குழந்தைக்குப் பேச்சும் தாமதமாகும்.

• இயன்முறைப் பயிற்சியைச் சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே தொடங்குங்கள். பேச்சுப் பயிற்சியையும் தள்ளிப்போடாதீர்கள்.

• மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் கேட்டறியுங்கள்.

மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சித்திரிப்புகளைத் திரைத்துறை தவிர்க்க வேண்டும் என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் சொற்களுக்கும் அது பொருந்தும். குழந்தையைப் பெயர் சொல்லி அழையுங்கள். உறவினரிடமும் அதையே கோருங்கள்.