எண்ணிக்கை முதலில், உலை பிறகு

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்றொரு சிற்றூர். அங்கே 2006இல் தொடங்கப்பட்ட ‘கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி’, பழைய பாணி மடக்குக்கத்திகளைச் சிறு தொகுதிகளாகச் செய்வதில் பெயர்பெற்றது. அலகு பெரும்பாலும் காபன் உருக்கு. துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும், நமது காட்டுக்கத்தியைப் போலத்தான்.

இக்கத்திகளில் பிரியமுள்ளோர் ஒன்றுசேர்ந்து, தமக்கென ஒரு தொகுதியைச் செய்விப்பதுண்டு. இதில் மிகக் கடினமான வேலை ஆட்களை இணங்கவைப்பதே. ஒருவருக்கு ஒற்றை அலகு வேண்டும், மற்றவருக்கு இரண்டு. ஒருவர் எலும்புப் பிடி கேட்பார், இன்னொருவர் மரப்பிடி. பொறுப்பாளருக்கு நிறையப் பொறுமை வேண்டும்! வடிவம் முடிவானதும் பெயர்களைப் பதிந்து, எண்ணிக்கையைத் திரட்டி, பட்டறைக்கு ஒரே ஓடராகக் கொடுப்பர். விலைப்படாமல் தேங்கும் கத்தி அநேகமாக இராது.

மீளக்குடியமர்ந்த நமது ஊர்களில் இரும்பும் கரியும் வாங்கக் கைமுதலின்றி இருக்கும் கொல்லர்கள் உண்டு. காலபோகத்துக்கு முன்பே, எத்தனை கத்தி, எத்தனை மண்வெட்டி தேவையென்று கிராம அபிவிருத்திச் சங்கம் கணக்கெடுத்து, பாதி விலையை முற்பணமாகச் சேர்த்து அவர்களிடம் கொடுக்கலாமே. பெயரெழுத ஒரு கொப்பி போதும். பணம் வைத்திருப்பவரும் கணக்கெழுதுபவரும் மட்டும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும்.